பூப்போடாத பக்கங்கள்

என் கதாநாயகி தாலியை இழந்த பக்கத்தின் அடியில் இரண்டு கிளிகள் உட்கார்ந்து ஒன்றின் அலகை ஒன்று கொத்திக்கொண்டிருந்தன.

கிளிகளுக்கு மேலே மாவிலைத் தோரணம். நான் எழுதியது அப்படியல்ல. அவள் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு பக்கத்தின் அடிவரை வெறும் வெள்ளை. அந்த வெள்ளையையும் நான்தான் எழுதினேன். கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, உள்ளே "ஒன்றும் வேண்டாம்" என்று குறித்திருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். குற்றாலத்தில் சாரல் தொடங்கி மலை முழுவதும் புகைபோல மேகம் இறங்கியிருந்தது. தென்காசி அச்சாபீஸிலிருந்து மாட்டு வண்டியில் மூட்டை வந்தது. அச்சாகி, மடித்து, இன்னும் தைக்காத தாள்கள். கடைசி நான்கு பக்கங்கள் மட்டும் பாக்கி. சாக்கைப் பிரித்துக் கூடத்தில் பரப்பினேன். என்னோடு அந்த வீட்டில் இருந்தவள் என் நாத்தனார் ஒருத்திதான். அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பவள். ஆனால் படம் பார்க்க எழுத்துக் கூட்ட வேண்டாமே. ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கிளி நல்லாருக்கு மயினி. கல்யாணம் யாருக்கு?"

அடுத்த தாளை எடுத்தேன். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வரும் இடம். அங்கே ஐந்து முகக் குத்துவிளக்கு எரிந்தது. மாமனார் வீட்டைவிட்டுக் கதாநாயகி ஒற்றைப் பெட்டியோடு வெளியேறும் இடம். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் யாரோடும் பேசாமல் இருக்கிறாள், அதற்காக ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லியிருந்தேன். அந்த முழுப் பக்கத்தில் தேங்காய் வைத்த பூரண கும்பம், கீழே வளைவாக "நல்வரவு".

அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு தாள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினேன்.

அந்த நாவல் எனக்கு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு அருவிக்குப் போகும் வழியில் இருந்தது. சீசனில் குளிக்க வருகிறவர்களுக்கு முன்கட்டை வாடகைக்கு விடுவோம். மற்ற மாதங்களில் குரங்குகளும் நாங்கள் இருவரும்தான். அந்த மற்ற மாதங்களில்தான் நான் எழுதினேன். வாலிபத்திலேயே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டவள் நான். என்னிடம் பேச வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள். நான் என்ன சொல்லுவேன் என்று யாரும் காத்திருக்கவில்லை. அதனால் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒரு பெண்ணின் கதையாக எழுதினேன், சொல்லாமல் விட்ட இடங்களோடு சேர்த்து. சென்னையில் ஒரு பிரசுரக்காரர் பிரதியை வாசித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். கதாநாயகியைக் காசிக்கு அனுப்பினால் போடலாம், அல்லது ஒரு சீர்திருத்த வாலிபன் அவளை மணக்கட்டும், அதுவும் போடலாம். ஆனால் அவள் இப்படிச் சும்மா உயிரோடு இருந்துகொண்டேயிருந்தால் வாசகர் என்ன செய்வார் என்று கேட்டிருந்தார். காகிதப் பஞ்ச காலத்தில் வெற்றுப் பக்கம் விடுவது தேசத் துரோகம் என்றும் ஒரு வரி.

சரி, துரோகமாகவே இருக்கட்டும் என்று நானே அச்சுப் போடத் துணிந்தேன்.

தென்காசியில் ரத வீதிக்குப் பக்கத்தில் அந்த அச்சாபீஸ். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ், சோடாக் கம்பெனி லேபிள், கும்மிப் பாட்டுச் சிறு புத்தகம், இவைதான் அங்கே அச்சாகும். நாவல் என்று ஒன்று அந்த மெஷினுக்குள் போனதில்லை. அச்சாபீஸ் அண்ணாச்சி நல்ல மனிதர். நெற்றி நிறையத் திருநீறு, விரல் நிறைய மை. காகிதம் எங்கிருந்து பிடித்தாரோ, செங்கோட்டை வரைக்கும் அலைந்து பிடித்துக் கொடுத்தார். ஈய எழுத்து அவரிடம் குறைவு. நான்கு பக்கம் கோப்பார்கள், அச்சடிப்பார்கள், உடனே எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த நான்கு பக்கம். புரூப் நீளநீளமான துண்டுகளாக பஸ்ஸில் வரும். நான் திருத்தி அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புவேன். அந்தத் துண்டுகளில் சொற்கள் மட்டும்தான் இருக்கும். சொற்களைப் பக்கமாகக் கட்டுவது அதற்குப் பிறகு, என் கண்ணுக்கு எட்டாத இடத்தில்.

ஆகவே சொற்களில் அனேகமாகக் குற்றமில்லை. சொல் இல்லாத இடமெல்லாம் குற்றம்.

மறுநாள் காலை தாள்களைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினேன். அண்ணாச்சி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார். புத்தகம் எப்படி வந்திருக்கிறது பார்த்தீர்களா என்று அவரே கேட்டார். கும்பப் படம் அச்சடிக்கும் பிளாக்கை மதுரையிலிருந்து வாங்கி வந்து முதல் தடவையாக என் புத்தகத்துக்குத்தான் போட்டாராம். ஜமீன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அதை எடுக்கவில்லையாம். அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. "ஒன்றும் வேண்டாம்" என்று எழுதியிருந்தேனே என்றேன்.

எழுதியிருந்ததை அவர் பார்த்திருந்தார். செலவைப் பார்த்து நான் கூச்சப்பட்டு எழுதியதாக நினைத்துக்கொண்டாராம். நான் பிடிவாதமாக நின்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க அச்சாபீஸ்ல பூப்போடாம வெளிய போறது ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி. கருமாதிக் கடுதாசி. அத வாங்குதவன் என்ன செய்யுதான்? வாசிச்சதும் வாசல்லயே கிழிச்சுப் போடுதான். வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டான். உங்க புஸ்தகம் அப்படிக் கிழிபடணுமா, சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பக்கங்களை அவர் காப்பாற்றியிருக்கிறார். வெறுமையாக விட்ட ஒவ்வொரு இடத்திலும் அவருக்கு ஒரு சாவு தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பூ வைத்து, விளக்கேற்றி, என் கதையைச் சுமங்கலியாக்கி அனுப்பியிருக்கிறார். எனக்கு யாரும் செய்யாததை என் புத்தகத்துக்குச் செய்திருக்கிறார். அதனால் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"கிழிக்கவன் கிழிக்கட்டும் அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சு எவனும் மொய் எழுத வந்துரக் கூடாது."

பக்கத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்போது என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார். எழுத்தெல்லாம் கலைத்தாயிற்று. மறுபடி அச்சடிக்கக் காகிதம் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. இரண்டாம் பதிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாம் பதிப்பு என்று அவர் சொன்னது, அடுத்த ஜென்மம் என்று சொல்வதுபோல இருந்தது.

அச்சானதை நான் பார்த்துக்கொள்கிறேன், பாக்கி நான்கு பக்கத்தில் ஒரு புள்ளிகூடக் கூடுதலாக விழக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். புறப்படுமுன் ஒன்று கேட்டேன். தாள்களை அளவுக்கு வெட்டியபோது விழுந்த ஓரத் துண்டுகள் எங்கே? மூலையில் ஒரு சாக்கில் கிடந்தன. பலகாரக் கடைக்குப் போகக் காத்திருந்தன. அதே காகிதம், அதே நிறம். சாக்கை என் தலைமாட்டுச் சொத்துப்போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

முதலில் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். கிளி போகவில்லை, கறுப்பாகப் பரவிக் காக்கையாயிற்று. ஆகவே மூடுவதுதான் வழி. ஒவ்வொரு படத்துக்கும் அளவாக ஓரத் துண்டை வெட்டி மேலே ஒட்ட வேண்டும். அரிசிக் கஞ்சியைப் பசையாக்க அந்தக் காலத்தில் யாருக்கும் மனம் வராது, அரிசித் தட்டுப்பாடு அப்படி. புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சினோம். பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம்.

சாரல் நேரத்தில் குற்றாலத்தில் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும். அங்கே நான் பசை காய வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒட்டிய துண்டு ஈரத்தில் சுருங்கி, பக்கம் முழுவதும் வயதானவர் கைபோல மடிப்பு விழுந்தது. நாத்தனார்தான் பரணில் கிடந்த, பிள்ளைத் துணி காயவைக்கும் பழைய கூடையைக் கொண்டுவந்தாள். தரையில் தணல் சட்டி, அதன்மேல் கவிழ்த்த மூங்கில் கூடை, கூடையின்மேல் என் நாவல். அத்தியாயம் அத்தியாயமாகக் காய்ந்தது. சில பக்கங்களில் புகை ஏறிப் பழுப்பாயின. சாம்பிராணி போடட்டுமா மயினி, வாசிக்கிறவனுக்குச் சளி பிடிக்காது என்றாள்.

குரங்குக்குப் புளியங்கொட்டைப் பசை பிடிக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒன்று கூரை ஓட்டின் வழியே இறங்கி ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு மதிலில் உட்கார்ந்து, துண்டை உரித்து, பசையை நக்கிவிட்டு, வாழைமரப் படத்தை எங்களுக்கே திருப்பிப் போட்டது. உங்களுக்கும் அண்ணாச்சிக்கும் நடுவே அனுமார் யார் கட்சி என்று தெரிந்துவிட்டது என்று நாத்தனார் சொன்னாள். நான் கம்பை எடுத்து எறிந்தேன். அனுமாரானால் என்ன, நான் மறுபடியும் ஒட்டினேன்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் புருஷன் ரங்கூனில் மரக்கடைக் கணக்கில் இருந்தவர். குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. நடந்து வருகிறவர்களோடு வருகிறார் என்று சிலர் சொன்னார்கள். சிலர் எதுவும் சொல்லவில்லை. அவள் தினமும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். பூக்காரி வராத நாளில் வேலியில் பூத்தது எதுவோ அதை வைத்துக்கொண்டாள். கிளிகளை மளமளவென்று மூடினாள், கும்பத்தைத் தேங்காயோடு மூடினாள். குத்துவிளக்குப் பக்கங்கள் வந்தபோது மட்டும் பசைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத என் கையால மூட மாட்டேன். நீங்க ஒட்டுங்க."

நான் அந்தத் தாள்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். விளக்குகளை நானே மூடினேன். எனக்குக் கை கூசவில்லை. அவள் அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

இதற்கிடையே கடைசி நான்கு பக்கம் வரவேயில்லை. ஆள் இல்லை, மெஷினில் பழுது, பண்பொழித் தேரோட்ட நோட்டீஸ் அவசரம் என்று பஸ் கண்டக்டர் மூலமாக ஒவ்வொரு சாக்காகச் சொல்லியனுப்பினார் அண்ணாச்சி. நேரே போய்ப் பார்த்தேன். எழுத்துக் கோத்து, கட்டி, தட்டில் தயாராக இருந்தது. கடைசிப் பக்கத்தில் மேலே ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே காலி. அந்தக் காலியில்தான் வேலை நின்றிருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கம் வெறுமையாக முடிந்தால் அந்தப் புத்தகத்தோடு அச்சாபீஸும் முடிந்துவிடும் என்று வேலைக்காரர்கள் பயந்தார்களாம். பயந்தது வேலைக்காரர்களா என்று நான் கேட்கவில்லை. ஒரு சின்னப் பூ, ஒரு கடுகளவு, ஓரத்தில் இருந்தால்கூடப் போதும் என்று கெஞ்சினார்.

ஒத்துக்கொண்டிருக்கலாம். கடுகளவு பூ. யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் எனக்கு நடந்ததெல்லாம் கடுகளவு கடுகளவாகத்தான் நடந்தது. இது மட்டும், இது ஒன்று மட்டும் என்றுதான் ஒவ்வொன்றையும் கேட்டார்கள். கொடுத்துக் கொடுத்துத்தான் அந்தக் கதையை எழுதும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்தக் கடைசி வரிக்குக் கீழே அவள் இருக்கிறாள். பேசாமல், அழாமல், காசிக்குப் போகாமல், தன் வீட்டில் இருக்கிறாள். அங்கே யாரும் பூவோடு வரக் கூடாது.

"ஒங்க ஆள்க தொட வேண்டாம். எங்கன என்ன வைக்கணும்னு சொல்லுங்க, நான் வைக்கேன்."

அவர் நம்பவில்லை. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கம் கட்டும் கல்மேடைக்கு முன்னால் நின்றேன். சும்மா விட்டால் அது வெற்றிடமாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியல்ல. இரும்புச் சட்டத்துக்குள் காலி இடத்தை அப்படியே விட்டால், மேலே இருக்கிற ஒற்றை வரியும் சரிந்து விழுந்துவிடும். எழுத்தைவிட உயரம் குறைந்த மரக்கட்டைகளால் அந்த இடத்தை அடைக்க வேண்டும். கட்டை காகிதத்தைத் தொடாது, மை பூசிக்கொள்ளாது. ஆனால் வரியைத் தாங்கிக்கொண்டு உள்ளே நிற்கும். என் பென்சில் கட்டத்துக்குள் இவ்வளவு பாரம் இருப்பது எனக்கே தெரியாது. ஒவ்வொரு கட்டையாக எடுத்து அடுக்கினேன். அண்ணாச்சி தள்ளி நின்று, அது நீளம் பற்றாது, அந்த மெல்லிய கட்டையை இங்கே செருகுங்கள் என்று சொன்னார்; கையால் தொடவில்லை. கடைசியில் ஆப்பை வைத்துச் சுத்தியால் இறுக்கினேன். சட்டத்தை ஒரு பக்கம் தூக்கி ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை.

மெஷினை அவரே மிதித்தார். முதல் தாள் வெளியே வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். மேலே ஒரு வரி. கீழே ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வரவில்லை; பசி வந்தது.

தைத்து, அட்டை போட்டு, சீசன் முடியுமுன் புத்தகம் வந்துவிட்டது. அருவிக்கரையில் எண்ணெய்க் கடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின்மேல் அடுக்கி வைத்தேன். ஈரத் தலையோடு வந்தவர்கள் புரட்டினார்கள். சிலர் வாங்கினார்கள். வாங்கியவர்களில் ஒருவர் மறுநாளே திரும்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து வக்கீல் என்று பார்த்தாலே தெரிந்தது. புத்தகத்தில் நிறைய இடம் அச்சாகாமல் விட்டுப்போயிருக்கிறது, சில இடங்களில் என்னவோ ஒட்டி மறைத்திருக்கிறது, நல்ல பிரதியாகப் பார்த்து மாற்றிக் கொடுங்கள் என்றார். எல்லாப் பிரதியும் இப்படித்தான், இதுதான் நல்ல பிரதி என்றேன். அவர் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நேரே தென்காசிக்குப் போய் அச்சாபீஸில் சண்டை பிடித்திருக்கிறார். அவருக்குப் பிறகு இன்னும் சிலரும் போயிருக்கிறார்கள்.

அண்ணாச்சி வீடு தேடி வந்தார். இதற்கு முன் வந்ததில்லை. உள்ளே வந்து உட்காரவுமில்லை, கொடுத்த காப்பியைத் தொடவுமில்லை.

"பிழைதிருத்தம்னு ஒரு துண்டு அடிச்சு எல்லாப் புஸ்தகத்துலயும் வச்சிருதேன். பக்கத்த வெறுமனே விட்டது ஆசிரியர், அச்சாபீஸ்காரங்க பொறுப்பில்லைன்னு அதுல போடணும். நீங்க வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஊர்ல என்னைக் கைவேலை தெரியாதவன்னு பேசுதாவ."

நாத்தனார் கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்தாள். சண்டை வரப்போகிறது என்று நினைத்திருப்பாள். அவரும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். வாதமெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த முகம்.

ஆனால் எனக்கு அந்த வாசகத்தைக் கேட்டதும் உடம்பு நிமிர்ந்துகொண்டது. இத்தனை காலம் என் விஷயத்தில் யார் யாரோ பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பதிலாகப் பேசினார்கள், எனக்குப் பதிலாக அழுதார்கள், என் பக்கத்துக்குக் கிளி வைத்தார்கள். முதல் தடவையாக ஒருவர் வந்து, இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் இவள் செய்தது என்று அச்சிலேயே போடத் தயாராக நிற்கிறார்.

"துண்டு வேண்டாம் அண்ணாச்சி. அது விழுந்துரும். பெரிய எழுத்துல அடிச்சுக் குடுங்க, முதல் பக்கத்துலயே ஒட்டிருதேன்."

கேலி செய்கிறேனா என்று அவர் யோசித்திருக்கலாம். பிறகு காப்பியை எடுத்துக் குடித்துவிட்டு, எவ்வளவு பெரிய எழுத்து என்று கேட்டார். உங்களிடம் இருப்பதிலேயே பெரியது என்றேன். அது கோவில் நோட்டீஸுக்கு வைத்திருக்கிற எழுத்து என்றார். அதுதான் என்றேன்.

விற்காமல் இருந்த பிரதிகள் அத்தனையிலும் ஒட்டினோம். அதற்குள் வெயில் வந்துவிட்டதால் கூடை தேவைப்படவில்லை. புத்தகத்தைத் திறந்தால், தலைப்புக்கு முன்னால், என் பெயருக்கும் முன்னால், முதலில் கண்ணில் படுவது அந்த வாசகம்தான். வெறுமையாக விட்ட இடங்களுக்கெல்லாம் ஆசிரியரே பொறுப்பு என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆம், நானேதான்.